கப்பலேற்றும் முன் கேட்ட கேள்வி

மலேசியாவில், சிரம்பானை அடுத்த பாரோயில் இருக்கும் என் வீட்டுக்குப் போன மாதம் ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் கவிதா. சிரம்பானில் நான் வேலை பார்த்த தொழிலாளர் அலுவலகத்தில் இப்போது அதிகாரியாக இருக்கிறாள். வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் புதிதாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றனவாம். ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுப் பதிய வேண்டும் என்று அதில் ஒரு விதி. அதைப் பற்றித்தான் பேசினாள்.

"ஆளு என் முன்னால உக்காந்திருப்பான் அங்கிள். இண்டர்பிரிட்டர் கோலாலம்பூர்ல, போன்ல. இவன் அழுதுகிட்டே என்னென்னமோ சொல்றான். அவரு ‘சரிங்கிறாரு’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிர்றாரு. அவ்வளவு பேசுனதும் வெறும் சரிதானா லா?"

இரண்டாவது முறை வந்தபோது, அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிக் கேட்டோம் என்பதை அலுவலக இதழுக்கு எழுதித் தரச் சொன்னாள். விதிமுறைகளை எழுத எனக்கு விருப்பமில்லை, அவை மாறிவிட்டன. ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் சிரம்பானில் பிறந்தவன். அப்பா ஆஸ்பத்திரி உதவியாளர். மிஷன் பள்ளியில் படித்து, மொழித் தேர்வுகள் எழுதி, தொழிலாளர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். அப்பாவுக்கு ஏமாற்றம்தான். ரயில்வேயில் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்பார். வேலையில் சேர்ந்த சில மாதங்களில், 1948இல், மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். என் வாலிபம் முழுவதும் அதற்குள் போய்விட்டது.

அவசரகாலம் என்றால் என்ன என்று கவிதாவின் வயதில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுக்குள் ஆயுதத்தோடு இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார அரசாங்கம் பட்டினி போட்டு வெளியே கொண்டுவரப் பார்த்தது. அவர்களுக்கு அரிசி போவது ரப்பர் தோட்டங்களிலிருந்துதான் என்று நினைத்தது. அதனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அரிசிக்குப் பங்கீடு. விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பால் எடுக்க மரப்பட்டை கீறும் ‘மரம் வெட்டு’ வேலைக்குப் போகிறவர்களை வேலிக் கதவில் நிறுத்திச் சோதனை செய்தார்கள். ரப்பர் மரங்கள் நிற்கும் பால் காட்டுக்குள் ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் குற்றம். சந்தேகப்பட்டவர்களை விசாரணை இல்லாமலேயே முகாமில் அடைத்துவைக்கலாம். அவர்கள் இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்தால் கப்பலேற்றி அங்கேயே அனுப்பிவிடலாம். மனைவி பிள்ளைகளையும் சேர்த்து.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்கு வேலை வந்தது.

என் மேலதிகாரி லாங்டன் துரை. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பென்சிலைச் சீவி முடிக்கும் வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார். நான் முதன்முதலாக அவருக்கு மொழிபெயர்த்தபோது, "அவர் சொல்கிறார், தனக்கு உடம்பு சரியில்லையென்று" என ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சாமுவேல், அந்த மனிதர் ‘அவர்’ என்றா சொன்னார்?"

"இல்லை சார். ‘எனக்கு’ என்றார்."

"அப்படியானால் நீயும் ‘எனக்கு’ என்று சொல். அறையில் நீ இருப்பது எனக்குத் தெரியக்கூடாது."

அன்றிலிருந்து தோட்டத்துக்குத் தோட்டம் நான் யார் யாராகவோ பேசினேன். எனக்குக் காலில் புண். என் புருஷன் குடிக்கிறான். என் பிள்ளை செத்துப்போனது. கிழவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் என் வாய்தான். லாங்டன் துரை என்னைப் பார்க்கவே மாட்டார். பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கேட்ட கேள்விக்கு வந்த பதிலை மட்டும்தான் எழுதுவார். அதற்கு அப்பால் யார் என்ன சொன்னாலும் பென்சில் அசையாது. அப்போது அதை இரக்கமில்லாத குணம் என்று நினைத்தேன்.

இந்திய அரசாங்கத்தின் சார்பில் கோலாலம்பூரிலிருந்து தேஷ்பாண்டே என்ற அதிகாரி வருவார். மராட்டியர். கனத்த உடம்பு, சர்க்கரை நோய், எப்போதும் தாகம். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் ஜனங்களைக் காப்பாற்ற வரும் அதிகாரிக்கு நம் ஜனங்களின் பேச்சு புரியாது. அதனால் மலாயா அரசாங்கத்தின் சம்பளத்தில் இருந்த நானே அவருக்கும் நாக்காக இருந்தேன். இரண்டு அரசாங்கமும் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.

நாடு கடத்தப்படுகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பது என்று இந்த இருவரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எங்கே பிறந்தாய்? இந்தியாவில் உன்னை ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள்? விருப்பத்தோடு போகிறாயா? கணவனுக்குத்தான் உத்தரவு, மனைவிக்கு இல்லை. ஆகவே மனைவியிடம் இதே கேள்விகளைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றார் தேஷ்பாண்டே. கணவன் பக்கத்தில் இருக்கக்கூடாது, தோட்டத்துத் துரை இருக்கக்கூடாது, போலீஸ்காரர் காதில் விழக்கூடாது. அதோடு, பதில் சொல்கிறவர் நாற்காலியில் உட்கார வேண்டும்.

நாற்காலிதான் பெரிய தொல்லை. தோட்டத்துத் துரைமார்களுக்கு அது பிடிக்காது. தொழிலாளர்களுக்கும் பிடிக்காது. "வேணாங்கையா, கீழயே குந்திக்கிறேன்" என்பார்கள். தேஷ்பாண்டே எழுந்து நின்றுகொள்வார். அவர் நின்றால் லாங்டனும் நிற்க வேண்டும். வேறு வழியில்லாமல் அந்த ஆள் நாற்காலி நுனியில் உட்காருவார்.

ஒரு தடவை பொன்னன் என்ற கிழவர். காட்டுக்காரர்களுக்குப் புகையிலை கொடுத்தார் என்று பிடித்திருந்தார்கள். எங்கே பிறந்தாய் என்றதற்கு, "பழைய லயனுங்க, அத ஒடச்சிட்டாங்க" என்றார். நினைவு தெரிவதற்கு முன்பே கப்பலில் வந்தவர். இந்தியாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு யோசித்து யோசித்து, "மாரியாத்தா இருக்கும்ங்க" என்றார். அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தேஷ்பாண்டே சிரிக்கவில்லை. "இவர் எங்கள் நாட்டவரில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவரை எந்த வீட்டு வாசலில் இறக்கிவிடுவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு லாங்டன் மேலிடத்தில் பேசிக் கிழவரைத் தோட்டத்திலேயே இருக்கவிட்டார். இப்படிச் சில காரியங்கள் நடந்தன. எல்லாக் காரியமும் இப்படி எளிதாக முடிந்ததில்லை.

மருதன் கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டுகிறவர். சேலம் ஜில்லாவிலிருந்து வாலிப வயதில் வந்தவர். காட்டோரத்து மர நிரையில் பால் வாளிக்குள் சோற்றுப் பொட்டலத்தோடு அவரைப் பிடித்தார்கள். முகாமில் நாங்கள் பார்த்தபோது நிதானமாகத்தான் பேசினார்.

"சோறு நாந்தாங்க கொண்டுபோனேன். ஊருல ஆயி இருக்கு, அண்ணன் இருக்கான். போறேன்ங்க." பிறகு, யாரும் கேட்காமலேயே, "அஞ்சலையும் புள்ளைங்களும் என்னோட வரணும். அவள இங்க விட்டுறாதீங்க ஐயா" என்றார்.

கடைசி வாக்கியத்தை லாங்டன் எழுதவில்லை. அது கேள்விக்கான பதிலில்லை. எனக்கு அது மனைவிமேல் வைத்த பாசமாகத் தோன்றியது. மொழிபெயர்த்துவிட்டு மறந்துவிட்டேன்.

மறுவாரம் தோட்டத்துக்குப் போனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். கூட வந்த போலீஸ்காரர் தூரத்தில் ஒரு மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அஞ்சலை வந்தாள். முப்பது வயது இருக்கலாம். வெட்டு முடித்து நேராக வந்திருந்ததால் சட்டையில் பால் வாடை. நாற்காலியைக் காட்டியதும், ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்த முதல் பெண் அவள்தான்.

"எங்க பொறந்தே?"

"இங்கதாங்க. இந்தத் தோட்டத்துல."

"இந்தியாவுல யாரு இருக்காங்க?"

"அவுங்க ஆயி இருக்காம். நான் பாத்ததில்ல."

"விருப்பத்தோட போறியா?"

ஆயா கொட்டகையின் தூளிகள் கயிறோடு முடிச்சுப் போட்டுத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் நேராக லாங்டன் துரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சோறு அவரு கொண்டுபோவலீங்க. நாந்தான் கொண்டுபோனேன். தெனமும் நாந்தான். அன்னைக்கு எனக்கு ஒடம்பு முடியல, அவரு வாங்கிட்டுப் போனாரு."

அப்போதைய சட்டத்தில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும், அவளுக்கும் சேர்த்து. அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் நான். பழகிய நாக்கு பழகியபடியே சொன்னது: சோறு கொண்டுபோனது நான். தினமும் நான். என் வாயிலிருந்து வந்த அந்த ‘நான்’ எனக்கே கேட்டது. 

லாங்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"சாமுவேல், போக விருப்பமா இல்லையா என்பதுதான் என் கேள்வி. எனக்கு இன்னும் பதில் வரவில்லை. மறுபடியும் கேள்."

தேஷ்பாண்டே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "எனக்கும் பதில் எதுவும் கேட்கவில்லை" என்றார்.

நான் அவளிடம் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவள் எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னது எங்கே போயிற்று என்று தேடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. மெல்ல அவளுக்குப் புரிந்தது. அதன் பிறகு குரல் தணிந்தது.

"வரமாட்டேன்ங்க. என் தம்பி இங்க இருக்கான்."

தம்பி தோட்டத்தில் இல்லை என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் பெயர் காளி. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அம்மா அதற்கு வெகுகாலம் முன்பே, தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே, காய்ச்சலில் போய்விட்டாள். அஞ்சலைதான் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அவன் பெரியவனாகித் தொழிற்சங்கத்தில் சேர்ந்தான். சங்கத்தில் இருந்தவர்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது காட்டுக்குள் போய்விட்டான். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. 

லாங்டன், ‘விருப்பமில்லை’ என்று மட்டும் எழுதினார். தம்பியை எழுதவில்லை.

அவள் போன பிறகு இரண்டு அதிகாரிகளும் காருக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். அரசாங்கங்கள் பேச்சுவார்த்தை நடத்துகின்றன என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காரும், அதன் மூடிமேல் தொப்பியை வைத்துவிட்டுப் பேசிய லாங்டனும்தான் நினைவுக்கு வருவார்கள்.

"அவளைக் கப்பலேற்றிவிடுவோம்" என்றார் லாங்டன். "இங்கே இருந்தால் மறுபடியும் கொண்டுபோவாள். மறுபடியும் பிடிபடுவாள். அப்போது அவளிடம் கேள்வி கேட்பது நானாக இருக்காது. கணவன் நம்மிடம் சொன்னது இதைத்தான். நமக்குத்தான் புரியவில்லை."

அப்போதுதான் மருதன் சொன்னதன் அர்த்தம் எனக்கும் உறைத்தது.

"நீங்கள் சொல்வது சரி" என்றார் தேஷ்பாண்டே. "அவள் அங்கே பத்திரமாக இருப்பாள். ஆனால் வரமாட்டேன் என்றவளை வருகிறேன் என்றாள் என்று நான் என் அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டேன் என்றால், அடுத்த தோட்டத்தில் அழுதுகொண்டே வரமாட்டேன் என்று சொல்கிறவளை நான் என்ன சொல்லிக் காப்பாற்றுவேன்? இந்தக் கேள்வியை நாமிருவரும் எதற்காகச் சேர்த்தோம்?"

 கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான்: அஞ்சலையின் பதில் இன்னும் முடிவாகவில்லை என்று இரண்டு பக்கமும் எழுதுவது. குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது என்பதால் அவள் முடிவு தெரியும் வரை மருதனைக் கப்பலேற்றுவதில்லை. அது வரைக்கும் அவளைப் பால் காட்டுக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்வது.

தோட்டத்துத் துரையிடம் லாங்டன் பேசிய விதத்தை நான் மறக்கவில்லை. அவளைக் காப்பாற்றச் சொல்லவில்லை. புருஷன் முகாமில் இருக்கிற பெண்ணைக் காட்டோரத்தில் வேலை செய்ய விட்டால் போலீஸ் அடிக்கடி தோட்டத்துக்கு வரும், வேலை கெடும் என்றார். துரை உடனே ஒத்துக்கொண்டார். அஞ்சலையை ஆயா கொட்டகையில், வேலிக்கு உள்ளேயே போட்டார்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேயே இருந்தன.

முகாமுக்குப் போய் மருதனிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் நிதானம் இழந்தார்.

"அவள ஏங்க கேக்குறீங்க? அவ மாட்டேன்னுதான் சொல்லுவா. புடிச்சி ஏத்தி விடுங்க. கப்பல்ல வந்து என்னை ஏசட்டும், அடிக்கட்டும். உசுரோட இருந்து ஏசட்டும்ங்க."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன், ‘என்னை ஏசட்டும்’ என்று. தேஷ்பாண்டே தலையைக் குனிந்துகொண்டார். அவர் எடுத்த முடிவு தப்போ என்று அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். எனக்கும் அன்று மருதன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இந்த வயதில் யோசித்தாலும் யார் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒரு கப்பல் மருதன் இல்லாமல் போனது. ஆயா கொட்டகையில் அஞ்சலை ஊரார் பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்காக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லாங்டன் அந்தக் கொட்டகையை எட்டிப் பார்ப்பார். கேள்வி எதுவும் கேட்கமாட்டார்.

ஒரு நாள் காலை வேறொரு விசாரணைக்காகப் பக்கத்து டவுனுக்குப் போயிருந்தோம். காவல் நிலையத்தின் முன்னால் கூட்டம். காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் உடல்களை வெளியே கிடத்தி, அடையாளம் சொல்லத் தோட்டத்து ஆட்களை லோரியில் கொண்டுவருவது அந்தக் காலத்து வழக்கம். அன்றைக்குக் கான்வாஸ் துணிமேல் இரண்டு உடல்கள். ஒருவன் சீனன். மற்றவன் நம் ஆள், சின்ன வயது. வரிசையாக அழைத்து ஒவ்வொருவரையும் நிறுத்தி, தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலையத்துக்குத் தமிழ் பேசும் ஆள் அன்று வரவில்லை. போலீஸ் அதிகாரி, என்னை அனுப்பும்படி லாங்டனிடம் கேட்டார். லாங்டன் என்னைப் பார்த்தார். மறுக்க அவருக்கு வழியில்லை.

அது அஞ்சலையின் தோட்டத்து லோரி என்பது நான் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

முதலில் மண்டோர் வந்தார். பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எல்லாரையும் அறிந்தவர். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தெரியாதுங்க."

எனக்கு இவனைத் தெரியாது, என்றேன் ஆங்கிலத்தில். அடுத்தவர் வந்தார். தெரியாது. அடுத்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். தெரியாது. எனக்கு இவனைத் தெரியாது, எனக்கு இவனைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. நான் காளியை ஒருநாளும் பார்த்ததில்லை.

அஞ்சலை வந்தாள். சின்னப் பிள்ளையை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நிதானமாக நடந்து வந்து நின்றாள். பார்த்தாள். அந்தப் பையனின் ஒரு கால் கான்வாசுக்கு வெளியே மண்ணில் கிடந்தது. அவள் கண் அந்தக் காலில் நின்றது. எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. அதிகாரியின் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"இவன தெரியுமா?"

"தெரியாதுங்க."

குரல் உடையவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தரும் அசையவில்லை. தன் முறை வரும்வரை காத்திருந்து ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். தெரியும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அக்காக்காரி யார் என்ற கேள்வி அடுத்து வந்திருக்கும். லோரி நிறைய வந்தவர்கள் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு ஏறிப் போனார்கள்.

உரிமை கோர யாரும் இல்லாததால் உடலைப் போலீஸாரே புதைத்தார்கள்.

காரில் வரும்போது லாங்டன், "உனக்கு ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டார்.

"அவர்கள் சொன்னதைச் சொன்னேன் சார்."

"ஆமாம்" என்றார். 

அடுத்த வாரம் அஞ்சலை சிரம்பான் அலுவலகத்துக்கு வந்தாள், தோட்டத்து அனுமதிச் சீட்டோடு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. வெளி நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"போறோம்ங்கையா. தொரைகிட்ட சொல்லிருங்க."

 அந்த ஊரில் அவள் அழக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை. லயனில் அழுதால் கேள்வி வரும். புதைத்த இடம் எது என்று கேட்டாலும் கேள்வி வரும். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள்.

தேஷ்பாண்டே கோலாலம்பூரிலிருந்து வந்த பிறகு முறைப்படி மறுபடியும் மூன்று கேள்விகளையும் கேட்டோம். மூன்றாவதற்கு, "விருப்பந்தாங்க" என்றாள். பிறகு, "இனிமே இங்க என்னாங்க இருக்கு" என்றாள். இரண்டையும் மொழிபெயர்த்தேன். லாங்டன் இரண்டையும் எழுதினார். அவர் கேள்விக்கு வெளியே எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கியதும் எதிர்கொண்டு சேலம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தேஷ்பாண்டே ஆள் ஏற்பாடு செய்தார். குழந்தைகளுக்குப் பால் கிடைக்குமா, கப்பலில் பெண்களுக்குத் தனி இடமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் துறைமுகத்து ஆட்களின் உயிரை எடுத்தார். அவர் அரசாங்கத்தின் வேலை அந்தக் கரையில்தான் ஆரம்பிக்கிறது என்பார். எங்கள் வேலை கப்பல் ஏணிப்படி அடியில் முடிந்துவிடும்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அன்று வெயில் கொளுத்தியது. முகாமிலிருந்து வந்தவர்களைக் கடைசியாகத்தான் கொண்டுவருவார்கள். அஞ்சலை ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், இரண்டு பிள்ளைகளோடு சரக்குக் கிட்டங்கி நிழலில் நின்றாள். பக்கத்தில் நாங்கள் மூவரும். போலீஸ் லோரி வந்தது. மருதன் இறங்கினார். மெலிந்திருந்தார். பிள்ளைகளைக் கண்டதும் ஓடி வரப் பார்த்து, காவலுக்கு நின்றவரைப் பார்த்து நடந்து வந்தார். சின்னவன் அவரை அடையாளம் தெரியாமல் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். பெரியவளின் தலையைத் தொட்டார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். முகாமுக்குள் அவருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை.

"நீ எப்படி வந்தே?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "தம்பி?"

எங்களைச் சுற்றிப் போலீஸார் நின்றுகொண்டிருந்தார்கள். அஞ்சலை சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கப்பல் போவட்டும். சொல்றேன்."

அதிகாரிகள் முன்னால் யார் எதைப் பேசினாலும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. காவலர்களின் தலைவர் என் பக்கம் திரும்பினார். லாங்டனும் திரும்பினார். நான் சொன்னேன், எப்போதும் போலவே: "என் மைத்துனன் எப்படி இருக்கிறான்? — கப்பல் புறப்பட்ட பிறகு சொல்கிறேன்."

காவலர் தலைவருக்கு அது ஒரு குடும்பப் பேச்சு. தலையாட்டிவிட்டுப் போனார். லாங்டன் தொப்பியைக் கழற்றினார். வெயிலில் நெற்றியைத் துடைப்பதற்குப் போலத்தான் இருந்தது, ஆனால் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. தேஷ்பாண்டே தகரப் பெட்டியைத் தானே எடுக்கப் போனார். மருதன் பதறி வாங்கிக்கொண்டார்.

ஏறினார்கள். ஏணியை எடுத்தார்கள். கயிறுகளை அவிழ்க்க நேரம் பிடித்தது. மேல்தட்டில் கம்பி ஓரமாக அந்தக் குடும்பம் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் தெரிய ஆரம்பித்து, அது மெல்ல அகலமானது. அஞ்சலை கரையைப் பார்த்தே நின்றாள். அவள் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். தூரத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மருதன் தோளில் இருந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு அப்படியே தட்டில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை சின்னவனை இறக்கி அவர் மடியில் விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் திரும்பியபோதுதான் அவள் குரல் வந்தது. ஒப்பாரி. காற்றில் விட்டுவிட்டு வந்தது. தம்பியின் பெயரை வெட்டவெளியில், எல்லாரும் கேட்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.

தேஷ்பாண்டே என் பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். லாங்டன் என் தோளில் கைவைத்தார். மூவரும் பேசாமல் அங்கேயே நின்றோம், அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும்.